எலுமிச்சை இலை மஞ்சளாகுதா? மருந்துக்கு முன்னால இலையைப் பாருங்க

புளியங்குடிப் பக்கம் எலுமிச்சை பெரிய விவசாயம். பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம் வீடுகள்ல புறவாசல்ல ஒரே ஒரு மரம். அதுல இலை மஞ்சளானா உடனே பூச்சிமருந்து வாங்கி அடிச்சிடுறோம். அந்தப் பழத்தைப் பிழிஞ்சு குடிக்கப்போறது நம்ம வீட்டுப் பிள்ளைங்கதான். அதனால, முதல்ல எந்த இலைன்னு பாருங்க.

முதிர்ந்த இலை முதல்ல மஞ்சளானா, தழைச்சத்தோ மக்னீசியமோ குறைவா இருக்கலாம். இளந்தளிர்ல நரம்பு பச்சையா இருந்து, இடைப்பகுதி மட்டும் வெளுத்தா இரும்புச்சத்து, துத்தநாகக் குறைபாடு. சுண்ணாம்பு அதிகமுள்ள மண்ணுல இந்தச் சத்துகள் இருந்தாலும் வேரால எடுக்க முடியாது. துவைச்ச சோப்புத் தண்ணியையும் மரத்தடியில விடாதீங்க. துத்தநாகக் குறைவுக்கு, லிட்டர் தண்ணிக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட் கலந்து, புதுத்தளிர் விடும் மார்ச், ஜூலை, அக்டோபர் மாதங்கள்ல தெளிக்கலாம்.

தளிர் சுருண்டு, வெள்ளிக்கோடு வளைஞ்சு ஓடினா இலைத்துளைப்பான். 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கலாம். பறவை எச்சம் மாதிரி ஒட்டியிருந்தா வண்ணத்துப்பூச்சியோட புழு. கையால எடுத்தாலே போதும். இலையிலும் காயிலும் மஞ்சள் வளையத்தோட சொரசொரப்பான பழுப்புப் புள்ளி வந்தா, அது சொறிநோய். பாக்டீரியாவால வர்றது, பூச்சிமருந்துக்குக் கேட்காது. நோய்பட்ட கிளையை வெட்டி எரிச்சிடணும்.

இன்னும் சந்தேகமா? தளிர், முதிர்ந்த இலை, இலையின் அடிப்பக்கம் மூணையும் பகல் வெளிச்சத்துல போட்டோ எடுத்து, உங்க வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்துல காட்டுங்க. 1800-180-1551 உழவர் அழைப்பு மையத்துல தமிழ்லயே கேட்கலாம், கட்டணம் கிடையாது. மருந்துக்கடைக்குப் போறது அதுக்கு அப்புறம்.