கயிற்றைப் பிடித்திருப்பவர்



கடற்கரைக்காரர்களாகிய நமக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் பழக்கம். மாப்பிள்ளையூரணியில் மலை கிடையாது. உயரம் என்றால் உப்பளத்து அம்பாரம், துறைமுகத்துக் கிரேன், அவ்வளவுதான். ஆகவே, சுவர் ஏறிப் பழகுவதற்கென்றே பயிற்சிக்கூடம் வைத்து, அதைப் பார்த்துக்கொள்ள ஒரு பொறுப்பாளரையும் வைத்திருக்கிறார்கள் என்று நம் பங்கு இளைஞர் ஒருவர் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பெங்களூர் கண்டீரவா விளையாட்டரங்கில் அப்படியொரு செயற்கைச் சுவர் இருக்கிறதாம். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இது பதக்கப் போட்டியாகவே சேர்ந்துவிட்டது.

அந்த இளைஞர்தான் எனக்கு ஜோதிராஜ் என்பவரைப் பற்றிச் சொன்னார். நம் தேனி மாவட்டத்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே குடும்பத்தைப் பிரிந்து கர்நாடகத்தில் வளர்ந்தார். கட்டட வேலை பார்த்தார். வாழ்க்கை வெறுத்துப்போய், சாகும் எண்ணத்தோடு சித்திரதுர்கா கோட்டைக்குப் போனார். அங்கே ஒரு பாறையில் ஏறிக்கொண்டிருந்தபோது, சுற்றிப் பார்க்க வந்தவர்கள் அவர் ஏதோ வித்தை காட்டுகிறார் என்று எண்ணிக் கைதட்டினார்களாம். இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தக் கைதட்டலில் அவருடைய எண்ணம் மாறியது. அதன்பின் கோட்டைக் குரங்குகளைப் பார்த்துப் பார்த்து ஏறக் கற்றுக்கொண்டார். கன்னட மக்கள் அவரைக் குரங்கு ராஜா என்று பொருள்படக் கோத்திராஜ் என்று அழைக்கிறார்கள். இப்போது பிள்ளைகளுக்கு ஏறுவதற்குப் பயிற்சி கொடுக்கிறார். (கயிறில்லாமல் கோட்டைச் சுவரில் ஏறும் அவருடைய வித்தையை மட்டும் நம் பிள்ளைகள் வீட்டு மாடியில் செய்து பார்க்க வேண்டாம்.)

கைதட்டியவர்களுக்கு அவருடைய மனநிலை தெரியாது. தவறாகப் புரிந்துகொண்டுதான் கைதட்டினார்கள். அந்தத் தவறையும் ஆண்டவர் பயன்படுத்திக்கொண்டார் என்றே நான் நம்புகிறேன்.

அரசர்கள் முதல் நூல் 19-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். இறைவாக்கினர் எலியா பாலைநிலத்தில் ஒரு சூரைச் செடியின் அடியில் உட்கார்ந்து, தன் உயிரை எடுத்துக்கொள்ளும்படி ஆண்டவரிடம் கேட்கிறார். கார்மேல் மலையில் விண்ணிலிருந்து நெருப்பை வரவழைத்த அதே எலியாதான்! வானதூதர் வந்து என்ன செய்தார்? விசுவாசக் குறைவு என்று கண்டிக்கவில்லை. மறையுரையும் ஆற்றவில்லை. தட்டி எழுப்பி, சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். வானதூதர் அதற்கும் கோபிக்கவில்லை. இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னார். அதற்குப் பிறகுதான் நாற்பது நாள் நடந்து ஓரேபு மலைக்குப் போய்ச் சேர்ந்தார். மலைக்குப் போவதற்கு முன் அவருக்கு வேண்டியிருந்தது உணவும் உறக்கமும், பக்கத்தில் ஓர் ஆளும்தான்.

நாமோ எதிர்மாறாகச் செய்கிறோம். முன்பு நான் பணியாற்றிய ஒரு பங்கில், இரவு பத்து மணிக்குமேல் ஒருவர் பின்வாசல் வழியாக வந்தார். அவருடைய மகன் தன்னுயிரை மாய்த்துக்கொண்டிருந்தான். “சாமி, பிள்ளைய கோயிலுக்குள்ள கொண்டாரலாமா? மணி அடிப்பியளா?” என்று கேட்டார். மகனை இழந்தவர் அழுவதற்கும் முன்னால் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தில் தற்கொலை செய்தவர்களுக்கு அடக்கச் சடங்கு மறுக்கப்பட்டது உண்மைதான். 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. அவர்களுடைய மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கக் கூடாது, திருச்சபை அவர்களுக்காகச் செபிக்கிறது என்று மறைக்கல்வி நூல் 2283-ஆம் எண்ணில் கூறுகிறது. இத்தனை ஆண்டுகளாகியும் அந்தத் தகப்பனாருக்கு இது தெரியவில்லை என்றால், குறை அவருடையது அல்ல. எங்களைப் போன்ற குருக்களுடையது. அன்று மணி அடித்தோம். ஆனாலும் தெருவில் சிலர் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

ஜோதிராஜின் கதையில் என்னை அதிகம் தொட்டது வேறொன்று. 253 மீட்டர் உயரமுள்ள ஜோக் அருவியின் பள்ளத்தாக்கில் இறந்தவர்களின் உடல்களை மீட்கும் பணிக்கு அவர் உதவி வருகிறார். 2018-ல் அப்படி ஓர் இளைஞரின் உடலைத் தேடி இறங்கியபோது அவரே அங்கே சிக்கிக்கொண்டார். மறுநாள்தான் அவரைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார்கள். சாகப் போன மனிதர், முன்பின் அறியாத ஒரு வீட்டாருக்கு அவர்களுடைய பிள்ளையின் உடலாவது கிடைக்கட்டும் என்று இறங்குகிறார்.

பயிற்சிக்கூடங்களில் ஏறுகிறவரின் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையைக் கீழே ஒருவர் பிடித்திருப்பாராம். ஏறுகிறவர் இறங்கும்வரை அவர் கண்ணை எடுக்கக் கூடாது, கைப்பேசி பார்க்கக் கூடாது. இதைக் கேட்டதும் நம் முத்துக்குளித்துறைதான் நினைவுக்கு வந்தது. 1961-ல் நடந்த கடைசி முத்துக்குளிப்பைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கலாம். குளியாள் கல்லோடு கீழே போவார்; மூச்சு முட்டும்போது கயிற்றை இழுப்பார்; தோணியில் இருப்பவர் உடனே தூக்கிவிட வேண்டும். அந்தக் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார்கள் என்று சொல்வதுண்டு. அவன் அசட்டையாக இருந்தால் தாலியறுப்பது அவனுடைய சொந்த அக்காளோ தங்கையோ அல்லவா!

நம் வீடுகளிலும் யாராவது கயிற்றை இழுத்துக்கொண்டிருக்கலாம். பேச்சைக் குறைத்துக்கொண்ட பிள்ளை, தேர்வு முடிவுக்குப் பின் அறையை விட்டு வராத மகள், கடன்காரருக்குப் பயந்து விடியுமுன் வெளியே போகிற கணவர். “என்னம்மா, மனசுல என்ன இருக்கு?” என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே உண்டாக்கிவிடுவோமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை. பதில் சொல்கிறவரைத் தனியே விட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் கூட்டிப்போக வெட்கப்படாதீர்கள். 14416 என்ற எண்ணை இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

இப்போது வானொலிப் பெட்டி அருகே தனியாக உட்கார்ந்து, கயிற்றை இழுக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர் நீங்களாகவே இருந்தால், எந்த மதத்தவரானாலும் சரி, பங்கு இல்லத்துக்கு வாருங்கள். முன்வாசல் மணியையே அடியுங்கள், நேரம் பார்க்க வேண்டாம். முதலில் காப்பி குடிப்போம். பேச்செல்லாம் அப்புறம்.