கட்டத்துள் புகுந்த அயற்சொல்

(சென்னீர்குப்பத்தில் நடைபெற்ற தமிழன்பர் கூட்டமொன்றில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



சென்ற திங்கள் இதே இடத்தில் உங்கள் கைகளில் ஒரு குறுக்கெழுத்துப் புதிரைக் கொடுத்தேன். அதன் விடைகள் யாவும் கணக்குச் சொற்கள். வீட்டிற்கு எடுத்துச் சென்று விடுவித்துக் கொண்டு வாருங்கள் என்று வேண்டினேன். கொண்டு வந்தீர்கள். விடைகளோடு வியப்பும் சினமும் கேலியும் சேர்த்துக் கொண்டு வந்தீர்கள். அவற்றைத் தொகுத்துச் சொல்லி, அவற்றால் நான் கற்றதையும் சொல்லவே இன்று உங்கள்முன் நிற்கின்றேன்.

குறுக்கெழுத்து நம் மண்ணில் தோன்றியதன்று. ஆர்தர் வின் என்பவர் 1913 திசம்பர் 21-ஆம் நாள் ‘நியூயார்க்கு வேர்ல்டு’ என்னும் நாளிதழில் முதற் புதிரை வெளியிட்டார். இங்கிலாந்தில் ‘தி லிசனர்’ என்னும் கிழமையிதழில் 1930 முதல் கடும்புதிர்கள் வெளிவந்தன. 1991-இல் அவ்விதழ் நின்றபின் அவை ‘தி டைம்சு’ நாளிதழுக்கு மாறின. அவ்வரிசையில் ஆண்டுக்கு நான்கு புதிர்கள் எண்களால் ஆனவை. சொல்லாய்வில் வல்லவர் சிலர் அக்கிழமை புதிரைத் தொடாமலே ஒதுக்குவர். கணக்கில் வல்லவர் சிலர் அக்கிழமைக்காகவே காத்திருப்பர். சொல்வல்லார் ஒருபுறம், எண்வல்லார் ஒருபுறம் என்று பிரிந்து நிற்பது நம் நாட்டில் மட்டும் உள்ள நோயன்று என்பதற்கே இதனைச் சொன்னேன். எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகக் காட்டிய திருவள்ளுவர் வழிவந்த நாம், ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் மட்டும் பார்ப்பது தகுமா?

தாளைக் கையில் வாங்கியதும் முதியவர் ஒருவர் கேட்ட முதற் கேள்வி, “பரிசு எவ்வளவு?” என்பதே. அவர் கேட்டதில் தவறில்லை. 1930-களில் ‘ஆனந்த விகடன்’ போன்ற இதழ்கள் நடத்திய பரிசுப் போட்டிகள் வழியாகவே குறுக்கெழுத்து தமிழ்நாட்டில் பரவிற்று. அத்தகைய போட்டிகள் பலவற்றில் ஒரு குறிப்புக்கு இரண்டு மூன்று விடைகள் பொருந்தும். எது சரியென்பது போட்டி நடத்துவோர் உள்ளத்திலேயே இருக்கும். அறிவு பாதி, ஆகூழ் பாதி! இந்திய அரசு 1955-ஆம் ஆண்டுப் பரிசுப் போட்டிச் சட்டத்தால், ஒரு திங்களில் கொடுக்கும் பரிசின் மொத்த மதிப்பு ஆயிரம் உருபாவை மிஞ்சலாகாது என்று வரையறுத்தது. நம் புதிருக்குப் பரிசு இல்லை. ஆகூழுக்கும் அதில் இடமில்லை. ஏன் இல்லை என்பதைத்தான் இனிச் சொல்லப் போகின்றேன்.

தமிழில் குறுக்கெழுத்து அமைப்பது ஆங்கிலத்தில் அமைப்பது போன்றதன்று. அங்கே இருபத்தாறு எழுத்துகள். இங்கே உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் எனக் கூடி இருநூற்று நாற்பத்தேழு. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கட்டம். ‘விட்டம்’ என்றால் நான்கு கட்டம். ‘நாண்’ என்றால் இரண்டு. இரண்டு சொற்கள் ஒரு கட்டத்தில் சந்திக்க வேண்டுமானால் அங்கே மெய்யும் உயிரும் சேர்ந்தே பொருந்த வேண்டும். ஆதலால் ஒரு சொல் பிழைபட்டால் அதனைச் சந்திக்கும் சொல்லும் பிழைபடும். இதனை உள்ளத்திற் கொள்ளுங்கள்.

என் புதிரின் நடுவில் குறுக்கே ஐந்து கட்டங்கள். குறிப்பு: “நூற்றுக்கு இத்துணை என்னும் அளவு.” அதன் முதற் கட்டத்திலிருந்து கீழ்நோக்கி நான்கு கட்டங்கள்: “கூரையைத் தாங்கும்; வட்டத்தையும் இருகூறாக்கும்.” அதன் நான்காம் கட்டத்திலிருந்து கீழ்நோக்கி இரண்டு கட்டங்கள்: “உழவனுக்கு நிலம், கணக்கனுக்கு எண்பதில் ஒன்று.”

உங்களிற் பெரும்பாலோர் முதலில் எழுதியது ‘சதவீதம்’. எண்ணிப் பாருங்கள்: ச, த, வீ, த, ம். ஐந்து கட்டமும் நிரம்பிவிட்டன. ஐயத்திற்கே இடமில்லை! பின்பு கீழ்நோக்கி வந்தீர்கள். முதற் கட்டத்தில் ‘ச’ நிற்கிறது. கூரையைத் தாங்குவது ‘சட்டம்’ என்று எழுதினீர்கள். அதுவும் நான்கு கட்டத்தில் அழகாக அமர்ந்தது. கூரைக்குச் சட்டமும் வேண்டுமன்றோ? ஆயினும் சட்டம் வட்டத்தை எங்ஙனம் இருகூறாக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான்காம் கட்டத்திற்கு வந்தபோதுதான் தடுமாற்றம். அங்கே ‘த’ நிற்கிறது. தகரத்தில் தொடங்கி உழவனுக்கு நிலமாகும் ஈரெழுத்துச் சொல் எது? சிலர் ‘தரை’ என்று எழுதிவிட்டுத் தரைக்கும் எண்பதுக்கும் என்ன உறவு என்று தலையைச் சொறிந்தனர். ஒருவர் புதிரே பிழை என்று தாளின் ஓரத்தில் எழுதியனுப்பினார். அவர்க்கும் நன்றி.

புதிர் பிழையன்று. வி, ழு, க், கா, டு. ‘விழுக்காடு’ என்பதற்கும் ஐந்தே கட்டம். அதனை எழுதினால் முதற் கட்டத்து ‘வி’யிலிருந்து ‘விட்டம்’ இறங்கும். நான்காம் கட்டத்துக் ‘கா’விலிருந்து ‘காணி’ இறங்கும். இன்னொரு மூலையிலும் இதே கதை. ‘முக்கோணம்’ என்னும் இடத்தில் அகவை முதிர்ந்த ஒருவர் தம் பள்ளிப் பழக்கத்தால் ‘திரிகோணம்’ என்று எழுதினார். அதற்கும் ஐந்து கட்டம். பின் மூன்று எழுத்தும் ஒன்றே. அதன் முதற் கட்டத்திலிருந்து இறங்க வேண்டிய ‘முந்திரி’ அவர் தாளில் ‘திந்திரி’ ஆயிற்று!

அன்பர்களே, இது புதிரில் மட்டும் நிகழ்வதன்று. ஒரு மொழியில் அயற்சொல் ஒன்று புகும்போது அது தன் ஓரிடத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறது என்று எண்ணுகிறோம். ‘பொருள் விளங்கினாற் போதாதா? சதவீதம் என்றால் என்ன குடி மூழ்கிவிடும்?’ என்று கேட்கிறோம். அயற்சொல் தன் கட்டத்தை நன்றாகவே நிரப்பும்; குற்றம் அங்கே தெரியாது. அடுத்த கட்டத்தில், அதனோடு பிணைந்து வாழ வேண்டிய தமிழ்ச்சொல் வழியின்றி நிற்கும்போதுதான் தெரியும். சில இடங்களில் அங்கும் தெரியாது. விட்டம் இருக்க வேண்டிய இடத்தில் சட்டம் வந்து அமர்ந்துகொண்டு, எல்லாம் சரியாக இருப்பதுபோற் காட்டும். அது பிழையினும் கொடியது.

விட்டம் என்றேன். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கடைசற் பணி செய்யும் இளைஞர் ஒருவர் எழுந்து சொன்னது என் நெஞ்சில் நிற்கிறது. “ஐயா, நாள் ஒன்றுக்கு நூறு முறை அதை அளக்கிறேன். எங்கள் பட்டறையில் ‘டயா’ என்போம். விட்டம் என்பது என் பாட்டனார் வீட்டில் தலைக்குமேல் கிடந்த மரம். இரண்டும் ஒரே சொல் என்று இன்றுதான் அறிந்தேன்” என்றார். சுவர்க்குச் சுவர் குறுக்கே கிடப்பது விட்டம். வட்டத்தின் நடுவழியே விளிம்புக்கு விளிம்பு குறுக்கே கிடப்பதும் விட்டம். இதனை ஒரு பிள்ளைக்குச் சொல்லிப் பாருங்கள். பொருள்விளக்கம் மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இராது. ‘நாண்’ என்பதும் அத்தகையதே. “மகளிர்க்கு அணி, வில்லுக்குக் கயிறு, வட்டத்தில் இருபுள்ளி இணைப்பது” என்று குறிப்புத் தந்திருந்தேன். அதனை உடனே கண்டுபிடித்தவர் வீட்டுவேலை முடித்து மாலையில் வந்த ஓர் அம்மையார். “கணக்கில் நாண் உண்டென்று எனக்குத் தெரியாது, வில்லில் உண்டென்று தெரியும். வட்டத்தில் ஒரு துண்டு வில்லைப் போலத்தானே இருக்கிறது?” என்றார். வடிவியலில் அத்துண்டின் பெயரும் வில் என்பதே என்று நான் சொன்னபோது அவர் முகம் மலர்ந்ததைக் காண வேண்டும்.

ஆங்கில வழியிற் பயிலும் மாணவர் சிலர்பற்றியும் சொல்ல வேண்டும். “ஆற்றிலும் தலையிலும் இருப்பது, எண்ணுக்கு வலப்புறம் நின்றால் பத்து மடங்காக்குவது.” இரண்டு கட்டம். ‘சுழி’ என்பது விடை. அவர்கள் ‘ஜீரோ’ என்று எழுதினார்கள். அதற்கும் இரண்டே கட்டம்! ஆற்றில் ஜீரோ உண்டா என்று கேட்டேன். அவையே சிரித்தது. ஆனால் அவர்களுள் ஒருவன் சிரிக்கவில்லை. “ஐயா, எனக்குக் கணக்கு வரும், சொல்தான் வரவில்லை. வீட்டில் அம்மாவிடம் கணக்கைப் பற்றித் தமிழில் பேசவே தெரியவில்லை” என்றான். அதன்பின் எனக்கும் சிரிப்பு வரவில்லை. மகன் கற்கும் கணக்கைத் தாயும், தாய் அறிந்த கணக்கை மகனும் அறிய இயலாதபடி ஒரே வீட்டிற்குள் சுவர் எழுந்திருக்கிறது. இதற்குப் பிள்ளையைக் குற்றம் கூறுவது பேதைமை.

அப்படியானால் தாயும் பாட்டனும் அறிந்த கணக்குத்தான் யாது? மரக்கடையொன்றிற் பல்லாண்டுகள் கணக்கெழுதி ஓய்ந்த எண்பத்தைந்து அகவையினர் ஒருவர், பேரன் கொண்டுவந்த தாளைப் பார்த்து, காணி, அரைக்காணி, முந்திரி என்று ஒரு மூச்சில் ஒப்பித்தாராம். எண்பதில் ஒன்று காணி. நூற்றறுபதில் ஒன்று அரைக்காணி. முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. முந்திரியைப் பாயசத்தில் மட்டும் கண்டிருந்த பேரன் வாய்பிளந்து நின்றான்.

இங்கே என் நண்பராகிய கணக்காசிரியர் ஒருவர் தடை எழுப்பினார். “1957 ஏப்பிரல் முதல் நாளிலேயே பதின்மக் காசு வந்துவிட்டது. அணாவும் போயிற்று, வீசமும் போயிற்று. செத்த பின்னங்களைத் தோண்டியெடுத்துப் பிள்ளைகள் தலையில் ஏன் ஏற்றுகிறீர்?” என்றார். நேர்மையான கேள்வி. முந்திரியைக் கொண்டு கடையிற் பொருள் வாங்குங்கள் என்று நானும் சொல்லவில்லை. ஆனால், அவருடைய மாணவியே அவர்க்கு விடை கூறினாள். “மாவும் காணியும் கூடினால் பதினாறில் ஒன்று” என்பது ஒரு குறிப்பு, விடை ‘மாகாணி’. அப்பெண் தாளின் பின்புறத்தில் கணக்கிட்டுப் பார்த்திருக்கிறாள். மா என்பது இருபதில் ஒன்று, அதாவது எண்பதில் நான்கு. காணி எண்பதில் ஒன்று. இரண்டும் கூடினால் எண்பதில் ஐந்து. சுருக்கினால் பதினாறில் ஒன்று! “ஐயா, இந்தச் சொல் தானே கூட்டல் செய்கிறது” என்றாள். காணி என்பது மாவிற் கால். முந்திரி என்பது மாவின் மாகாணி. இருபதையும் பதினாறையும் பெருக்கினால் முந்நூற்றிருபது. பாதி பாதியாய்ப் பகுப்பதற்கும், ஐந்தைந்தாய்ப் பகுப்பதற்கும் ஒருசேர இடங்கொடுக்கும் எண் அது. நம் முன்னோர் அதனை வாளா தேர்ந்தெடுக்கவில்லை. சொல்லுக்குள் கணக்கை வைத்துவிட்டுப் போயிருக்கின்றனர். நண்பர் சிறிது நேரம் பேசாதிருந்து, அக்கணக்கைத் தம் வகுப்பிலும் சொல்வதாக ஒப்புக்கொண்டார்.

அதே மாணவி என்னையும் விட்டுவைக்கவில்லை. “ஒன்றாலும் தன்னாலும் மட்டும் வகுபடும் எண்” என்று பகாவெண்ணுக்குக் குறிப்பு எழுதியிருந்தேன். “ஐயா, ஒன்று என்னும் எண்ணும் ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடுகிறது. ஆனால் அது பகா எண் அன்று. ஒன்றினும் பெரிய எண் என்று சேர்த்திருக்க வேண்டும்” என்றாள். பிழை என்னுடையதே. எழுத்து தெரிந்துவிட்டால் எண்ணும் தெரிந்ததாக எண்ணிய தமிழாசிரியனுக்கு அது வேண்டிய பாடம். தூய தமிழிற் சொன்னாலும் தவறு தவறே. சொல்லும் தூயதாக வேண்டும். பொருளும் திருத்தமாக வேண்டும். ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகாது.

பழகிய சொல்லை இனி மாற்ற இயலுமா என்று சிலர் கேட்டீர்கள். மாற்றியிருக்கிறோம். யாழ்ப்பாணத்தில் 1855-இல் கறோல் விசுவநாதபிள்ளை எழுதிய நூலின் பெயர் ‘வீசகணிதம்’. இன்று தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அதனை ‘இயற்கணிதம்’ என்கின்றனர். 1934-இல் தோன்றிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம், 1936-இல் விபுலாநந்த அடிகள் தலைமையில் சொல்லாக்க மாநாடு கூட்டி, 1938-இல் கலைச்சொற்களை நூலாக வெளியிட்டது. இ. மு. சுப்பிரமணிய பிள்ளை போன்ற பெருமக்கள் அப்பணியில் தம்மைக் கரைத்துக்கொண்டனர். முக்கோணம், நாற்கரம், இணைகரம், தொடுகோடு, நிகழ்தகவு என்று இன்று நாம் இயல்பாய்ச் சொல்வனவெல்லாம் உழைப்பின் பயனாகப் பாடநூலில் நிலைத்தவை. பூச்சியமும் வர்க்கமும் இன்னும் அங்கே அமர்ந்திருக்கின்றன. சுழியும் இருபடியும் வாயிலில் நிற்கின்றன. அவற்றை உள்ளே அழைக்க வேண்டியவர்கள் நாம்.

ஆகவே உங்களை ஒன்று வேண்டுகிறேன். அடுத்த திங்கள் புதிரை நான் அமைக்கப் போவதில்லை. பிழை கண்ட அந்த மாணவியும், சிரிக்காத அந்த மாணவனும் அமைப்பார்கள்; கணக்காசிரியர் கணக்கைத் திருத்துவார்; நான் எழுத்தை மட்டும் பார்ப்பேன். பெற்றோர்களே, பிள்ளை அத்தாளை வீட்டிற்குக் கொண்டுவரும்போது, ‘எனக்குக் கணக்கு வராது’ என்று தள்ளாதீர்கள். உடன் அமருங்கள். விட்டத்தை வீட்டிற் காட்டுங்கள். காணியை வயலிற் காட்டுங்கள். வயல் வீட்டுமனையாகிவிட்டதென்றால் அதனையும் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரிந்த அளவுப் பெயர் ஒன்றேனும் இருந்தால் அதை அவர்கள் காதில் போட்டுவையுங்கள். கட்டத்தில் எழுதுமுன், அது அடுத்த சொல்லோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

எண்ணும் எழுத்தும் தமிழாகட்டும்! வெல்க தமிழ்!