சுத்தியல் வேண்டாத ஏற்றம்



பாறை ஏறுகிறவர்களுக்குக் காதும் ஒரு கருவி. பாறை வெடிப்பில் எஃகு முளையை வைத்துச் சுத்தியலால் அடிக்கும்போது, முளை இறுக இறுக ஓசை மேலேறிக்கொண்டே போகும். கடைசி அடி கணீரென்று விழுந்தால் நம்பிக் கயிற்றை மாட்டலாம். பொத்தென்று விழுந்தால் பிடுங்கிவிட்டு வேறு இடம் பார்க்க வேண்டும். இந்த முளைக்குப் பிட்டான் என்று பெயர். கலிபோர்னியாவின் யோசமிட்டி பள்ளத்தாக்கில் 1950-களிலும் 60-களிலும் கோடை பிறந்தால் இந்த ஓசைதான். அதை அடங்கச் செய்த ஒரு கலையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அந்தக் கலையை அமெரிக்காவில் வேரூன்றச் செய்தவர்களில் முதன்மையானவர் ராயல் ராபின்ஸ். அவரோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய பெயர், அவருடைய மனைவி லிஸ் ராபின்ஸ்.

ராயல் 1935-இல் மேற்கு வர்ஜீனியாவில் பிறந்தவர். தகப்பன் துணையில்லாமல் லாஸ் ஏஞ்சலஸில் தாயிடம் வளர்ந்தார். சாரணர் இயக்கம்தான் அந்தப் பையனைச் சியரா நெவாடா மலைகளுக்கு அழைத்துப் போனது. 1957-இல், இருபத்திரண்டு வயதில், யோசமிட்டியில் ஹாஃப் டோம் என்ற பாறையின் வடமேற்கு முகத்தில் இரண்டு நண்பர்களோடு ஐந்து நாட்களில் ஏறினார். செங்குத்தாக ஏறத்தாழ 600 மீட்டர். அதுவரை யாரும் ஏறாத முகம் அது.

அந்தப் பெருமைகளில் நான் அதிகம் தங்கப்போவதில்லை. அவரை நான் மதிக்கும் காரணம் வேறு.

யோசமிட்டியில் பயன்பட்டவை கெட்டி எஃகுப் பிட்டான்கள். ஒன்றையே பலமுறை அடித்துப் பிடுங்கலாம். கேடு வந்தது அடிக்கும்போது மட்டுமல்ல, பிடுங்கும்போதும்தான். பின்னால் வருகிறவர் அதை இப்படியும் அப்படியுமாகத் தட்டித் தட்டி ஆட்டித்தான் கழற்றியாக வேண்டும். ஒவ்வொரு தட்டலிலும் வெடிப்பின் விளிம்பு கொஞ்சம் உதிரும். பத்துப் பேர், நூறு பேர் என்று ஏற ஏற, விரல் நுனிகூட நுழையாத கீற்று விரல் நுழையும் குழியாகிவிடும். உளி வைத்துச் செதுக்கியதுபோல் வரிசையாக அந்தக் குழிகளை இன்றும் அங்கே பார்க்கலாம். பனியாறு வழித்துவிட்டுப் போன கிரானைட் அது. ஒருமுறை உதிர்ந்தால் உதிர்ந்ததுதான்.

இதற்கு மாற்று பிரிட்டனிலிருந்து வந்தது. வேல்ஸ் மலைகளில் ஏறுகிறவர்கள் வெடிப்புக்குள் கூழாங்கல்லைச் செருகி அதில் கயிற்றைக் கட்டிக்கொள்வார்கள். பிறகு இயந்திரங்களில் திருகும் சாதாரண நட்டையே எடுத்துக் கயிறு கோத்துச் செருகத் தொடங்கினார்கள். அங்கே போய் ஏறிப் பார்த்த ராபின்ஸ் அந்த வழக்கத்தைத் தன்னோடு கொண்டு வந்தார்.

செய்முறை எளிது, பயிற்சிதான் கடினம். வெடிப்பு மேலே அகன்று கீழே குறுகும் இடத்தைக் கண்ணால் தேட வேண்டும். கம்பியில் கோத்த நட்டை அகன்ற பக்கத்தில் நுழைத்துக் கீழே இழுத்தால், குறுகிய கழுத்தில் அது சிக்கி இறுகும். ஆள் விழுந்தால் இன்னும் இறுகும். ஆனால் கயிறு மேல்நோக்கி இழுத்துவிட்டால் அது சத்தமில்லாமல் கழன்று வந்துவிடும். பிட்டானை வெடிப்பில் ஏறத்தாழ எங்கு வேண்டுமானாலும் அடித்து இறக்கலாம். நட்டுக்குப் பாறை இடம் கொடுக்க வேண்டும். ஏறுகிறவர் பாறையைப் படிக்கத் தெரிந்தவராக இருந்தே தீர வேண்டும். இதைக் கலை என்று நான் சொல்வது இதனால்தான்.

1967-இல் ராயலும் லிஸ்ஸும் யோசமிட்டியில் ஒரு புதிய வழியை முழுக்க முழுக்க நட்டுகளை மட்டும் வைத்தே ஏறினார்கள். ஒரு பிட்டானும் அடிக்கவில்லை. ‘நட்கிராக்கர்’ என்று பெயரும் வைத்தார்கள். கணவனும் மனைவியுமாக ஒரே கயிற்றில் போய்ச் செய்த காரியம் இது. அதை நான் மறுபடியும் மறுபடியும் நினைத்துப் பார்ப்பதுண்டு. இந்தக் கலையில் முன்னே போகிறவருக்குப் பேர் கிடைக்கிறது. ஆனால் அதை முடித்து வைப்பவர் பின்னால் வருகிறவர். அவர்தான் ஒவ்வொரு நட்டையும் விரலால் மேலே தூக்கி, அசைத்து, கீறாமல் எடுத்து வருகிறார். அதே ஆண்டில்தான், பத்தாண்டுகளுக்கு முன் ராயல் முதன்முதலாக ஏறிய ஹாஃப் டோம் முகத்தில் லிஸ்ஸும் அவரோடு ஏறினார். அந்த முகத்தில் ஏறிய முதல் பெண் அவர்.

இருவரும் கலிபோர்னியாவின் மொடெஸ்டோ நகரில் மலையேற்றக் காலணிகளையும் கருவிகளையும் விற்கத் தொடங்கி, பிறகு துணி வியாபாரத்தில் இறங்கினார்கள். ராயல் ராபின்ஸ் என்ற பெயரிலேயே அது நிலைத்தது. வியாபாரத்தில் லிஸ்ஸின் கை பெரிது. 1972-இல் ஏற்றக் கருவிகள் விற்ற இன்னொரு தொழில்காரர், ஈவான் ஷூனார்ட், தன் விற்பனைப் பட்டியலிலேயே ‘பிட்டான் பாறையைக் கெடுக்கிறது, நட்டுக்கு மாறுங்கள்’ என்று அச்சடித்தார். அவர் வருமானத்தில் பெரும்பங்கு பிட்டானிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது! சில மாதங்களிலேயே பிட்டான் வியாபாரம் படுத்துவிட்டது. வயிற்றுப் பிழைப்பைப் பணயம் வைத்த அந்தத் துணிச்சலையும் இங்கே சொல்லாமல் விட முடியாது.

பாறையைக் கெடுக்கக் கூடாது என்ற ராபின்ஸின் கண்டிப்பு ஒருமுறை எல்லை தாண்டியது. 1970-இல் வாரன் ஹார்டிங் என்பவரும் அவர் கூட்டாளியும் யோசமிட்டியின் எல் கேப்பிட்டன் பாறையில் ‘டான் வால்’ என்ற சுவரை ஏறும்போது ஏறத்தாழ 300 துளைகள் போட்டார்கள். மறு ஆண்டு தொடக்கத்தில் ராபின்ஸ் அதே வழியில் ஏறி, துளைகளில் இறக்கியிருந்த போல்ட் என்ற ஆணிகளை வெட்டி எறியத் தொடங்கினார். பாதியில் நிறுத்திவிட்டார். துளைகளுக்கு நடுவே ஹார்டிங் ஏறியிருந்த விதம் அவ்வளவு அருமையாக இருந்தது. எதிராளியின் திறமையைப் பார்த்ததும் சுத்தியலைக் கீழே வைத்த அந்த மனம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

1978-இல் மூட்டுவாதம் ராபின்ஸைக் கடினமான ஏற்றங்களிலிருந்து விலக்கியது. அவர் வீட்டில் உட்காரவில்லை. கயாக் படகைப் பிடித்தார். 1980 முதல் மூன்று ஆண்டுகளில் நண்பர்களோடு படகைச் சுமந்து கணவாய்களைக் கடந்து, சான் வாகீன், கெர்ன், கிங்ஸ் ஆகிய ஆறுகளின் தலைப்பகுதிகளில் இறங்கி ஓட்டினார். 2017-இல் மறைந்தார்.

நட்கிராக்கரில் இப்போதும் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். காலணிகள் தேய்த்துத் தேய்த்துப் பாறை சில இடங்களில் வழுக்குகிறது; ஆக, தடமே விடாத ஏற்றம் என்று இதைச் சொல்லிவிட முடியாது. வேறு வழிகளில் உள்ள பழைய பிட்டான் குழிகளில் இன்றைய நட்டு வசதியாக உட்காருகிறது என்பதும் உண்மைதான். ஆனாலும் பிட்டானைப் போல நட்டு வெடிப்பின் விளிம்பை உதிர்ப்பதில்லை. பாறை ஏற்றத்தை நேரில் பார்க்க வாய்த்தால், கூட்டம் முழுவதும் அண்ணாந்து பார்க்கும் முதல் ஆளை விட்டுவிட்டு, பின்னால் வருகிறவரின் கையைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள்.