மலைக்கு ஒரு போத்தல் தேசிக்காய்த் தண்ணீர்

(தோட்ட மகளிர் குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், வீடு, காணி என்று பேசுகிற இடத்தில் இன்று தேசிக்காய் கரைப்பது பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் சிலர் சிரித்தீர்கள். பரவாயில்லை. ஒரு கேள்விக்கு மட்டும் மனதுக்குள் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். நேற்றுக் காலையில் பெரட்டுக்குப் போனதிலிருந்து பின்னேரம் கொழுந்து நிறுத்து முடியும்வரை எத்தனை கோப்பை தண்ணீர் குடித்தீர்கள்?

நம்மில் பலருக்குப் பதில் ஒன்றுதான். பத்து மணிக்கு ஒரு சாயத்தண்ணி, பகல் சாப்பாட்டோடு இன்னொன்று. அவ்வளவுதான். கூடையைச் சுமந்து மேட்டில் ஏறி இறங்கும் உடம்புக்கு இது போதாது. பனி மூடிய மலையிலும் வியர்க்கிறது. இறப்பர்த் தோட்டங்களின் புழுக்கத்தைச் சொல்லவே வேண்டாம். பின்னேரமானால் தலையிடி, கிறுகிறுப்பு, நீர்க்கடுப்பு. "வயசாகிறது" என்று நாமே ஒரு காரணம் சொல்லிக்கொள்கிறோம். பாதி நேரம் அது வயசு அல்ல, தாகம்.

வெறும் தண்ணீர் குடித்தாலும் தாகம் தீரும். ஆனால் கொஞ்சம் புளிப்பும் உப்பும் இருந்தால் இன்னும் ஒரு வாய் குடிக்கத் தோன்றும். அதற்காகத்தான் தேசிக்காய். ஒரு லீற்றருக்கு எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

இரவு சமையல் முடிந்ததும் ஒரு லீற்றர் தண்ணீரை அடுப்பில் வையுங்கள். தளதளவென்று கொதி வந்த பிறகும் மூன்று நிமிடம் விடுங்கள். பீலித் தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாகத்தான் தெரியும். மேலே லயமும் உரம் போட்ட மலையும் இருந்தால் அந்தத் தெளிவை நம்ப முடியாது. மூடி வைத்து ஆற விடுங்கள்.

காலையில் தேத்தண்ணிக்குக் கொதிக்கும் தண்ணீரில் கால் கோப்பை எடுத்து, மூன்று தேக்கரண்டி சீனியும் இரண்டு சிட்டிகை உப்பும் போட்டுக் கரையுங்கள். குளிர்ந்த தண்ணீரில் சீனி அடியில் தங்கிவிடும். ஆளுக்கு இனிப்பு போதவில்லை என்று இன்னும் அள்ளிப் போடுவதும் அதனால்தான்.

மூன்று தேசிக்காயைப் பலகையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டுங்கள். சாறு இளகும். குறுக்கே வெட்டிப் பிழியுங்கள். தோலைத் திருகி நசுக்க வேண்டாம், கசக்கும். விதையையும் எடுத்துவிடுங்கள். சாற்றை ஆறிய தண்ணீரில்தான் விட வேண்டும். சூட்டில் விட்டால் விற்றமின் சி குறைந்துபோகும். கடைசியில் கரைத்த சீனியைச் சேருங்கள். விரும்பினால் ஒரு துண்டு இஞ்சி தட்டிப் போடலாம். அலுமினியப் பாத்திரத்தில் கரைக்கவோ வைக்கவோ வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும். எவர்சில்வர், கண்ணாடி நல்லது. அன்றைக்குக் கரைத்ததை அன்றைக்கே குடித்து முடியுங்கள்.

போத்தல் பற்றி ஒரு கண்டிப்பான வார்த்தை. களைக்கொல்லி, பூச்சிமருந்து வந்த போத்தலை எத்தனை தரம் கழுவினாலும் குடிப்பதற்கு எடுக்கக் கூடாது. அப்படி ஒன்று வீட்டில் கிடந்தால் இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள்.

சீனி வருத்தம் உள்ளவர்கள் சீனி இல்லாமல் கரையுங்கள். பிரஷர் உள்ளவர்கள் உப்பை விடுங்கள். பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்றால் இதை நம்பி இருக்காதீர்கள். ஜீவனி கரைத்துக் கொடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம். நம் பெண்களில் பலருக்கு இரத்தம் குறைவு. கீரையும் பருப்பும் சாப்பிடுகிறோம், ஆனால் சோற்றோடு சேர்த்துச் சாயத்தண்ணியும் குடிக்கிறோம். தேயிலையில் உள்ள சத்து, கீரையிலுள்ள இரும்பை உடம்பில் சேர விடாமல் பிடித்துக்கொள்கிறது. தேசிக்காய் அதற்கு எதிர். இரும்பைச் சேர வைக்கிறது. ஆகவே பகல் சாப்பாட்டோடு தேசிக்காய்த் தண்ணீர், தேத்தண்ணி ஒரு மணித்தியாலம் கழித்து. கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசையையும் தேத்தண்ணியோடு விழுங்க வேண்டாம். கொழுந்து பறிக்கும் நாமே தேத்தண்ணியைக் குறை சொல்வதா என்று நினைக்காதீர்கள். நேரத்தை மாற்றுங்கள் என்றுதான் சொல்கிறோம்.

தேசிக்காய் விலை ஏறும், இறங்கும். மலிந்த காலத்தில் கூடுதலாக வாங்கி, நான்காகக் கீறி உப்பு அடைத்து வெயிலில் காயவைத்தால் ஊறுகாயாகும்.

பின்னால் நிற்கும் தோழர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. விடியுமுன் எழும்பி ரொட்டி தட்டி, பிள்ளைகளை வெளிக்கிடுத்தி, பெரட்டுக்கு ஓடும் பெண்ணின் தலையில் இதையும் வைக்க வேண்டாம். மூன்று தேசிக்காய் பிழிய ஆண் கைக்கும் தெரியும்.

இப்போது சங்கத்தின் பேச்சுக்கு வருவோம். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டதாக நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். அதே 1867இல் பிரித்தானியாவில் கப்பல் சட்டத்தைத் திருத்தினார்கள். நெடும்பயணம் போகும் மாலுமிகளுக்கு எலுமிச்சைச் சாறு கொடுப்பது கப்பல் முதலாளியின் கடமை என்று அதில் இறுக்கினார்கள். சாறு இல்லாவிட்டால் ஈறு அழுகி மனிதர்கள் செத்தார்கள், அதனால்தான். கடலில் உழைத்தவனின் குடிதண்ணீருக்குச் சட்டம் வந்தது. மலையில் உழைத்த நம் பாட்டிமார் பீலியில் கையேந்திக் குடித்தார்கள்.

நாம் ஏன் குறைவாகக் குடிக்கிறோம் என்று எல்லோருக்கும் தெரியும், வெளியே சொல்ல வெட்கப்படுகிறோம். குடித்தால் ஒதுங்க இடம் வேண்டும். மலையில் இடம் இல்லை. அதனால் காலையிலிருந்து அடக்கிக்கொள்கிறோம், பிறகு நீர்க்கடுப்புக்கு மருந்து எடுக்கிறோம். ஒதுங்க இடமில்லாதவளுக்குக் கரைத்த தண்ணீர் போத்தலிலேயே திரும்பி வரும்.

ஆகவே இந்தக் கூட்டத்தில் இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறோம். ஒவ்வொரு மலைக்கும் வேலை நேரத்தில் சுத்தமான குடிதண்ணீர் வந்து சேர வேண்டும். கொழுந்து நிறுக்கும் இடங்களுக்கு அருகில் தண்ணீர் வசதியோடு பெண்களுக்கு மலசலகூடம் கட்டித் தர வேண்டும். எந்த மலையில் என்ன இல்லை என்பதை ஒவ்வொரு லயத்திலிருந்தும் ஒருவர் எழுதிக் கொண்டுவாருங்கள். வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள். எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

அது கிடைக்கும்வரை நாளைக் காலையில் மூன்று தேசிக்காய். மறக்காதீர்கள்.