வாசலில் ஒரு காந்தம்

கொல்கத்தாவில் காளிகாட், லேக் மார்க்கெட் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. துர்கா பூஜை வந்தால் வீட்டைப் பூட்டிவிட்டுப் பந்தல் பந்தலாகச் சுற்றுவது அந்த ஊர் வழக்கம். பூட்டிய வீட்டைக் காக்க இன்று சின்னச் சின்ன சென்சார்கள் வந்துவிட்டன.

கதவில் ஒரு காந்தம், நிலைச்சட்டத்தில் காந்தத்தை உணரும் ஒரு ரீட் சுவிட்ச். கதவு திறந்தால் காந்தம் விலகும். உடனே உங்கள் செல்போனுக்குச் செய்தி வரும், கூடத்து விளக்கும் தானாக எரியும். இந்த ரீட் சுவிட்ச் 1936-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவானது.

திருட்டைவிடத் தீ கொடியது. 2010 மார்ச் 23 அன்று கொல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டின் ஸ்டீபன் கோர்ட் கட்டடத்தில் பற்றிய தீ, 40-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. புகை மேலே எழும். புகை சென்சாரைக் கூரையில் பொருத்துங்கள். சிலிண்டரில் வரும் சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. அதற்கான சென்சார் தரையை ஒட்டி இருக்கட்டும்.

மாதம் ஒருமுறை சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். பேட்டரி தீர்ந்த சென்சார் யாரையும் காப்பாற்றாது.