இருளும் ஒளியும் ஒரே படத்தில்



தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டு நோக்கிச் செல்லும் மின்சார ரயிலில் ஏறினால், வழியில் சிங்கப்பெருமாள் கோவில் என்னும் ஊர் வரும். ஊருக்குப் பெயர் தந்த நரசிங்கப் பெருமாள் அங்கே ஒரு சிறு குன்றைக் குடைந்த குகையில் எழுந்தருளியிருக்கிறார். அவரை வலம் வர விரும்புவோர் அக்குன்றையே சுற்றிவர வேண்டும். நண்பகல் வெயிலில் சுற்றிவிட்டு உள்ளே நுழைகிறவருக்கு முதலில் ஒன்றும் தெரிவதில்லை. சிறிது நேரம் நின்றால் தூண் தெரியும். பிறகு சுவர் தெரியும். அர்ச்சகர் தீபத்தை உயர்த்தித் திருமண்காப்பைச் சற்றே விலக்கிக் காட்டும்போது பெருமாளின் நெற்றிக்கண்ணும் தெரியும். வெயிலையும் இருளையும் அடுத்தடுத்துக் கண்டுணரும் இத்திறமை நம் கண்ணுக்கு உண்டு, காமிராவுக்கு இல்லை. அந்தக் குறையைப் போக்க வந்துள்ள மென்பொருள்கள் என்ன செய்கின்றன, அவற்றைக் கையாளும் நாம் எதில் விழிப்பாக இருக்க வேண்டும் என்பதையே இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன்.

வெட்டவெளியில் நண்பகலில் விழும் ஒளி ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ். கல் மண்டபத்தின் உட்புறத்தில் அது சில பத்து லக்ஸாகக் குறைந்துவிடும். இரண்டுக்கும் இடையே ஆயிரக்கணக்கான மடங்கு வேற்றுமை. கண்ணோ பார்வை செல்லும் இடத்துக்கு ஏற்பப் பாவையைச் சுருக்குகிறது, விரிக்கிறது. விழித்திரையின் உணர்வை ஏற்றுகிறது, இறக்குகிறது. இப்படித் துண்டு துண்டாகக் கண்டவற்றை மூளை ஒரே காட்சியாகக் கோத்துக் கொடுக்கிறது. காமிராவுக்கு ஒரு படத்துக்கு ஓர் அளவுதான். தூணுக்கு ஏற்ப ஒளியை விட்டால் வாயிலுக்கு அப்பாலுள்ள வானம் வெறும் வெள்ளைத் தாளாகும். வானத்துக்கு ஏற்ப விட்டால் மண்டபம் கரிக்குவியலாகும்.

இதற்கு ஒரு வழி, காமிராவை முக்காலியில் அசையாமல் நிறுத்தி, ஒரே காட்சியை வெவ்வேறு ஒளியளவில் மூன்று அல்லது ஐந்து முறை எடுப்பது. அவற்றைக் கணிப்பொறியில் ஒன்றாக இணைத்தால், ஆழ்ந்த நிழலும் கடும் வெயிலும் ஒருங்கே பதிந்த படம் கிடைக்கிறது. இதனையே எச்.டி.ஆர். என்கிறார்கள், உயர் ஒளிவீச்சுப் படம் என்று நாம் சொல்லலாம். இணைப்பதற்குரிய கணித முறையை 1997-இல் பால் டெபெவெக், ஜிதேந்திர மாலிக் என்ற இருவரும் சேர்ந்து தெளிவாக வகுத்துக் கொடுத்தார்கள். மாலிக், கான்பூரிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்றவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

ஆனால் வேலை இதோடு முடியவில்லை. அச்சிட்ட தாளில் உள்ள வெண்மை, அதன் கருமையைப்போல் சுமார் நூறு மடங்குதான் ஒளிரும். ஆயிரக்கணக்கான மடங்கு வேற்றுமையை அந்த நூறுக்குள் அடக்கியாக வேண்டும். முழுப் படத்தையும் ஒரே சீராகச் சுருக்கினால் படம் சாம்பல் பூத்துப் போகும். அதை ஈடுகட்ட, ஒவ்வோர் இடத்திலும் வேற்றுமையைக் கூட்டுமாறு இயந்திரத்திடமே விட்டுவிட்டால், நிலவைச் சுற்றிக் கோட்டை கட்டியது போல, கோபுரத்தைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம் தோன்றும். ஆகவே மனிதக் கண் பார்த்து, 'இந்தத் தூணுக்கு இவ்வளவு, அந்த வானத்துக்கு அவ்வளவு' என்று இடம் அறிந்து திருத்த வேண்டியிருக்கிறது.

இடம் அறிந்து திருத்துவது எப்படி? மதுரைச் சுங்குடிச் சேலையைப் பார்த்திருப்பீர்கள். துணியில் வெள்ளைப் புள்ளி வேண்டிய இடங்களை நூலால் முடிந்துவிட்டுச் சாயத்தில் தோய்க்கிறார்கள். முடிச்சுக்குள் சாயம் புகுவதில்லை. மென்பொருள் செய்வதும் ஏறக்குறைய இதுவே. மாற வேண்டாத இடங்களை மறைத்துவிட்டு, மாற வேண்டிய இடத்தில் மட்டும் ஒளியைக் கூட்டும் அல்லது குறைக்கும். இந்த மறைப்புக்கு 'மாஸ்க்' என்று பெயர். சுங்குடி முடிச்சுக்கு இல்லாத ஒரு நயம் இதற்கு உண்டு: விளிம்பில் மறைப்பைப் படிப்படியாகக் குறைத்து, திருத்திய இடத்துக்கும் திருத்தாத இடத்துக்கும் இடையே எல்லை தெரியாமல் செய்யலாம்.

மறைப்பை அமைக்கப் பல வழிகள் உண்டு. தூரிகைபோல் ஒரு கருவியால் வரைந்துகொள்ளலாம். 2010-இல் வெளிவந்த எச்.டி.ஆர். எஃபெக்ஸ் புரோ என்ற மென்பொருளில், படத்தின்மேல் ஒரு புள்ளியை வைத்தால், அதனைச் சுற்றிய வட்டத்துக்குள் அதே நிறமும் ஒளியும் கொண்ட பகுதிகளை அது தானே தேர்ந்துகொண்டது. 2009 முதல் கிடைத்துவரும் டார்க்டேபிள் என்னும் மென்பொருளில், 'இந்த அளவுக்குக் கீழ் இருண்ட பகுதிகள் மட்டும்' என்று கட்டளையிடலாம். இதற்கு விலை கிடையாது. ஆதலால் மாணவர்கள் தாராளமாகப் பழகிப் பார்க்கலாம்.

கருவி புதியது, ஆசை பழையது. 1858-இல், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப், திருவரங்கம், மதுரை, தஞ்சை முதலிய ஊர்களின் கோயில்களைப் படமெடுத்தார். அக்காலத்து இரசாயனப் பூச்சு நீல ஒளியை மிகுதியாக ஏற்றதால், வானம் எப்போதும் வெறுமையாகவே பதிந்தது. டிரைப் தம் காகித நெகட்டிவ்கள் பலவற்றில் வண்ணத்தைத் தீட்டி, மேகங்களையும் இலைச் செறிவையும் உண்டாக்கினார். அழகான மேகங்கள், ஆனால் அன்றைய வானத்தில் இருந்த மேகங்கள் அல்ல. 2020-இல் ஃபோட்டோஷாப் என்ற மென்பொருள், ஒரு படத்தின் வானத்தையே எடுத்துவிட்டு வேறு வானத்தைப் பொருத்தும் கருவியைச் சேர்த்துக்கொண்டது. டிரைப் தூரிகையால் செய்ததை இன்று ஒரு சொடுக்கில் செய்துவிடலாம்.

அதே டிரைப் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே தொடராக ஒட்டினார். இங்கேதான் நாம் நின்று சிந்திக்க வேண்டும். வானத்தில் ஒரு மேகத்தைக் கூட்டினால் வரலாற்றுக்குப் பெரிய நட்டம் இல்லை. கல்வெட்டில் ஒரு சுழியைக் கூட்டினால் ஓர் எழுத்து மாறும். எழுத்து மாறினால் சொல் மாறும். சொல் மாறினால் ஓர் அரசனின் ஆண்டோ, ஓர் ஊரின் எல்லையோ மாறும். நிழலில் மங்கிக் கிடக்கும் எழுத்துக்கு ஒளி கூட்டுவது கண்ணுக்குச் செய்யும் உதவி. சிதைந்த எழுத்தை நாமாக நிரப்புவது பொய்ச்சாட்சி. கறுத்த முகத்தை வெளுப்பாக்கிக் காட்டுவதும் இவ்வகையைச் சேர்ந்ததே. நிழலில் மறைந்த முகத்தைத் தெரியச் செய்யலாம். அதன் நிறத்தைத் திருத்த நமக்கு உரிமை இல்லை.

ஆகவே நான் இவ்வேலையில் மூன்று நெறிகளைக் கடைப்பிடிக்கிறேன். முதலாவது, மூலப்படத்தை ஒருபோதும் அழிப்பதில்லை. இரண்டாவது, இருந்ததைத் தெரியச் செய்வேன், இல்லாததைச் சேர்க்கமாட்டேன். மூன்றாவது, என்னென்ன திருத்தினேன் என்பதைப் படத்தோடு எழுதிவைப்பேன். டார்க்டேபிள் போன்ற மென்பொருள்கள் மூலப்படத்தைத் தொடுவதில்லை. செய்த திருத்தங்களைத் தனிக் கோப்பில் வரிசையாகக் குறித்துவைக்கின்றன. கணக்குப்பிள்ளையின் பேரேடு போன்றது அது. கேட்கிறவருக்குக் காட்டலாம், தவறு கண்டால் திருத்தத்தை நீக்கலாம்.

டிரைப் தீட்டிய மேகங்களை நாம் எப்படி அறிந்தோம்? அவருடைய நெகட்டிவ்கள் பல இன்றும் எஞ்சியிருப்பதால், வண்ணப் பூச்சை அவற்றில் நேரே காண முடிகிறது. மூலம் பிழைத்திருந்தால் உண்மையும் பிழைத்திருக்கும். உங்கள் ஊர்க் கோயிலையும் மண்டபத்தையும், அனுமதியுள்ள இடங்களில், படமெடுத்து வையுங்கள். இருண்ட மூலைகளுக்கு ஒளி கொடுங்கள். அந்த ஒளி எங்கே, எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதையும், நூறு ஆண்டுக்குப் பின் அப்படத்தைப் பார்க்கப்போகிறவர்களுக்கு எழுதிவையுங்கள்.