வியாழனில் விழுந்த கறுப்புப் புள்ளி
(தோட்டப் பெற்றோர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



மலையிலிருந்து இறங்கி, தண்ணி பிடித்து, அடுப்பு வேலையையும் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே சுருக்கமாகப் பேசுகிறோம்.

சில நாட்களுக்கு முன் ஒரு தாய் நம்மிடம் வந்து, "ஐயா, மகன் ராத்திரியில படிக்காம வாசல்ல நின்னு போனை வானத்துக்குப் பிடிச்சிக்கிட்டு இருக்கான். கொஞ்சம் கண்டிச்சி வையுங்க" என்றார். நாமும் விசாரிக்காமலே கண்டித்தோம். பிறகுதான் அவன் எடுத்த படத்தைப் பார்த்தோம். இரவல் வாங்கிய பைனாகுலரில் போனை வைத்து எடுத்த படம் அது. நடுவில் ஒரு பொட்டு, பக்கத்தில் ஒரே வரிசையில் மூன்று சின்னப் புள்ளிகள். பொட்டு வியாழன், புள்ளிகள் அதன் சந்திரன்கள். நாம் கண்டித்தது தவறு. அதைச் சபையில் சொல்லத்தான் இந்தப் பேச்சு.

குருப்பெயர்ச்சிக்குக் கோயிலில் அருச்சனை செய்கிறோமே, அந்தக் குருதான் வியாழன். நமது பூமியைப் போல 11 மடங்கு அகலமுள்ளது. 1610ஆம் ஆண்டு இத்தாலியில் கலிலியோ என்பவர் சிறிய தொலைநோக்கியில் பார்த்து, அதற்குப் பெரிய சந்திரன்கள் நான்கு உண்டென்று கண்டார். அயோ, யுரோப்பா, கனிமீட், கலிஸ்டோ என்பவை அவற்றின் பெயர்கள். அவை வியாழனைச் சுற்றி வருவதால், இன்று பார்த்த இடத்தில் நாளைக்கு இருக்காது.

அவுஸ்திரேலியாவில் கன்பராவுக்குக் கிட்ட ஒரு சிற்றூரில் அந்தோனி வெஸ்லி என்பவர் இருந்தார். கணனி வேலை செய்தவர், வானியல் விஞ்ஞானி அல்ல. 2009 ஜூலை 19 இரவு வீட்டிலிருந்தபடி வியாழனைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். காற்று சரியில்லை. நிறுத்திவிடலாம் என்று நினைத்தவர், இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம் என்று தொடர்ந்தார். வியாழனின் தென்பக்கத்தில் ஒரு கறுப்புப் புள்ளி வந்தது. சந்திரனின் நிழலோ என்று யோசித்தார். ஆனால் அந்த இடத்தில் நிழல் விழ வழியில்லை. இரண்டு நாளைக்கு முன் தான் எடுத்த படத்தைப் பார்த்தார். அதில் அந்தப் புள்ளி இல்லை. உடனே உலகத்துக்கு அறிவித்தார். ஹவாயிலிருந்த நாசாவின் பெரிய தொலைநோக்கி அதை உறுதிப்படுத்தியது. ஏதோ ஒன்று வியாழனில் மோதி உண்டான தழும்பு அது. பசிபிக் சமுத்திரம் அளவு பெரியது!

அடுத்த வருடம், 2010 ஜூன் 3ஆம் திகதி, வியாழனில் இரண்டு விநாடி ஒரு வெளிச்சம் மின்னியது. அதை வெஸ்லி பதிவு செய்தார். அதே மின்னல் பிலிப்பைன்ஸ் நாட்டின் செபு நகரத்தில் தளபாட வியாபாரியான கிறிஸ்டோபர் கோ எடுத்த வீடியோவிலும் இருந்தது. இரண்டு இடத்தில் இரண்டு பதிவு. இனி யார் மறுக்க முடியும்?

இவர்கள் எடுக்கும் விதம் நமக்குப் புரியாததல்ல. ஓடைத் தண்ணியில் கல் ஆடுவது போல, காற்றில் கிரகமும் ஆடித் தெரியும். அதனால் ஒரு படம் எடுக்காமல், சில நிமிடம் வீடியோ எடுத்து, ஆயிரக்கணக்கான படங்களிலிருந்து தெளிவானதை மட்டும் கணனியால் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். முற்றலைத் தள்ளிக் கொழுந்தைப் பொறுக்குவது போலத்தான். வியாழன் 10 மணித்தியாலத்துக்குள் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிவிடும். ஆகவே நேரம் கடந்தால் படம் கலங்கிவிடும்.

பெற்றோரே, வெஸ்லியைக் காப்பாற்றியது பழைய படமும் அதில் எழுதிய திகதியும்தான். கொழுந்து நிறுக்கும்போது கிலோவையும் திகதியையும் நம் கொப்பியிலும் எழுதி வைத்தால், பிறகு கணக்கு பிசகினால் பேச முடியும். எழுதாதவன் வாய் அடைபட்டுப் போகும். அந்தப் பழக்கம் பிள்ளைக்குத் தானாக வந்திருக்கும்போது நாமே அதைக் கெடுக்கலாமா?

இதனால் நாளைக்கே சம்பளம் கிடைக்கும் என்று பொய் சொல்லமாட்டோம். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கத்தான் வேண்டும். ஆனால் சாதாரண தரத்தோடு கொழும்புக் கடைக்குப் போவதுதான் நம் பிள்ளைக்கு விதி என்று நினைக்கும் வீட்டில், அவன் பார்வை வானத்தில் நிற்பது நல்ல சகுனம்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, பைனாகுலரால் சூரியனை ஒருபோதும் பார்க்காதீர்கள், கண் போய்விடும். ராத்திரியில் தனியாகத் தேயிலைக்குள் போகாதீர்கள். லயத்து வாசலே போதும். பார்த்ததைத் திகதி, நேரத்தோடு எழுதுங்கள்.

அந்த மகனின் தாயாரே, இன்றைக்கு மப்பு இல்லாவிட்டால் நீங்களும் அவனோடு வாசலில் நின்று ஒருதரம் பாருங்கள்.